மூன்றாம் வருஷம் முளைத்த எதிர்வாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது உங்கள் பத்திரிகையில் செய்தி வருகிறது. நீதிபதி பணியிடம் காலி, கட்டடம் போதவில்லை, ஊழியர் இல்லை என்று காரணங்களும் வருகின்றன. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றரை வருஷமாக ஒரு பண வழக்கின் பின்னால் அலைகிறவன் நான். என் வழக்கு நின்றது நீதிபதி இல்லாமல் இல்லை. அவர் தினமும் பத்தரைக்கு வந்து உட்காருகிறார். ஒரே ஒரு மனுவால் நின்றது. திருத்த மனு என்பார்கள், அதாவது ஏற்கெனவே எழுத்தில் தாக்கல் செய்ததை மாற்றவோ அதில் சேர்க்கவோ அனுமதி கேட்கும் மனு. வக்கீல்களிடம் கேட்டால் 'ஆர்டர் 6 ரூல் 17' என்று ஏதோ பஸ் நம்பர் மாதிரி சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அட்டைப்பெட்டி செய்கிறவன். கோவைக்குப் பக்கத்தில் சின்ன யூனிட், பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். உணவுப் பொருளை பேக் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு 2020 கடைசியிலிருந்து 2021 மார்ச் வரை 5 பிளை (ஐந்து அடுக்கு) பெட்டிகள் சப்ளை செய்தேன். பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கிறது, பில் இருக்கிறது, ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி சலான் இருக்கிறது. பாக்கி 11,42,000 ரூபாய். கேட்டுக் கேட்டுப் பார்த்து, நோட்டீஸ் விட்டு, வழக்குக்கு முன்னால் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதால் அதற்கும் மனுப் போட்டு, அவர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல், கடைசியில் 2022 அக்டோபரில் வணிக நீதிமன்றத்தில் பிராது போட்டேன். (சிறு தொழில்களுக்கு என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டமும் தனிக் கவுன்சிலும் இருக்கிறதே, அங்கே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சப்ளை செய்த காலத்தில் நான் உத்யம் பதிவு செய்திருக்கவில்லை. என் சோம்பேறித்தனம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.)

வணிக நீதிமன்றச் சட்டம் 2015-ல் வந்தது. முதலில் 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்குத்தான். 2018-ல் அதை 3 லட்சமாக இறக்கினார்கள், அதனால்தான் என்னைப் போன்றவர்களும் அதற்குள் வந்தோம். வேகமாக முடியும் என்றார்கள். எதிருரை, அதாவது பிராதுக்கு எதிராளி எழுத்தில் தரும் பதில், 30 நாளில் தாக்கலாக வேண்டும், நீதிமன்றம் கருணை காட்டினாலும் 120 நாள்தான் எல்லை, அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் எழுத்து மூலமாகப் பதில் சொல்லும் உரிமையே போய்விடும். உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை அடித்துச் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு 117-ஆவது நாள் எதிருரை போட்டார்கள். அதில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கணக்கு டாலி ஆகவில்லை, சில தொகைகளை டெபிட் நோட் போட்டுக் கழித்துவிட்டோம், வாதி சொல்லும் பாக்கி சரியல்ல. அவ்வளவுதான். பெட்டி கிழிந்தது, நமுத்தது, பலமில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

சரி என்று எழுவினாக்கள் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனைந்தார்கள், நான் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்தேன், ஆவணங்கள் குறியீடு ஆயின, குறுக்கு விசாரணையும் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கான வாய்தா அன்று காலையில் சலான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நம்பர் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து, ஒரு ஐ.ஏ. (வழக்குக்கு நடுவில் போடும் இடைக்கால மனு) தாக்கல் செய்திருக்கிறோம் என்றார். என் வக்கீல் கைக்கு ஒரு நகல் வந்தது. ஏழே பத்தி. வாதி சப்ளை செய்த பெட்டிகளின் பர்ஸ்டிங் பலம் (கிழியாமல் அழுத்தம் தாங்கும் அளவு) ஆர்டரில் சொன்னதைவிடக் குறைவு, அதனால் எங்கள் சரக்கு சேதமானது, ஆகவே அவருக்குப் பணம் தரக் கடமையில்லை, இதை எதிருரையில் சேர்த்துத் திருத்த அனுமதிக்க வேண்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஆறாவது பத்தியில் ஒரே வரி: 'கவனக்குறைவால் குறிப்பிட விடுபட்டுவிட்டது.'

அந்த வரியை நான் பல நாள் ராத்திரி யோசித்திருக்கிறேன். சட்டம் என்ன கேட்கிறது என்று வக்கீலிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். விசாரணை தொடங்கிய பிறகு திருத்த மனுவை அனுமதிக்கக் கூடாது. உரிய கவனத்தோடு இருந்தும் அந்த விஷயத்தை முன்னாலேயே எழுப்ப முடியாமல் போனது என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால் மட்டுமே அனுமதிக்கலாம். இதுதான் விதியில் இருக்கிற நிபந்தனை. 'கவனமாக இருந்தும் முடியவில்லை' என்று காட்டச் சொல்கிறது சட்டம். 'நாங்கள் கவனமாக இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறார்கள் இவர்கள். பரீட்சைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தூங்கிவிட்டேன் என்று சொல்வது போல இல்லையா? ஆனால் மனு அனுமதிக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்து, நீதியின் நலன் கருதி, 5,000 ரூபாய் செலவுத்தொகையோடு.

என் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் வாதாட வரவில்லை, அது நீதிபதி முன்னால் இருக்கிறது. நான் பேசுவது அந்த நிபந்தனையைப் பற்றி மட்டும்தான், ஏனென்றால் அது சும்மா வந்த நிபந்தனை இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் வருஷத்தது. எந்தக் கட்டத்திலும் திருத்தலாம் என்று பழைய விதி தாராளமாக இருந்தது, அதை வைத்து இழுத்தடித்தார்கள் என்பதால் 1999-ல் அந்த விதியையே தூக்கிவிடுவதாகச் சட்டம் இயற்றினார்கள். வக்கீல்கள் கொதித்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது, திருத்தவே கூடாது என்றால் எப்படி? கடைசியில் 2002-ல் விதியைத் திரும்பக் கொண்டுவந்து, கூடவே இந்த 'உரிய கவனம்' நிபந்தனையைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது வேறு யாருமில்லை, நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம்தான். 2005-ல் வந்த தீர்ப்பில், இந்த நிபந்தனை செல்லும், வழக்கை இழுக்கவே போடப்படும் மனுக்களைத் தடுப்பதுதான் இதன் நோக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் இந்தியா முழுக்க எந்தத் திருத்த மனு வாதத்திலும் சேலத்தின் பேர் அடிபடுகிறது, ஆனால் சேலத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற எனக்கு அந்த நிபந்தனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

2012-ல் இன்னொரு தீர்ப்பு. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்ட வழக்கு. பிராதில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வாசகத்தை எழுதாமல் விட்டுவிட்டு, வாதம் எல்லாம் முடிந்த பிறகு வந்து, அது டைப்பிங்கில் விட்டுப்போன பிழை என்றார்கள். ஒரு எழுத்து மாறுவது டைப்பிங் பிழை, சட்டம் கேட்கிற ஒரு பத்தியே இல்லாமல் போவது எப்படி டைப்பிங் பிழையாகும் என்கிற ரீதியில் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. என் வக்கீல் அதைத்தான் பெரிதாக நம்பினார். எதிர்த்தரப்பு நீட்டியது 2022 செப்டம்பர் தீர்ப்பை. அது மும்பையில் ஒரு சொத்து விற்பனை ஒப்பந்தம் பற்றியது. 1986-ல் போட்ட வழக்கில் 2017-ல் வந்து நஷ்டஈட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்கிறார்கள், 31 வருஷம் கழித்து, அதையும் அனுமதித்தார்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று அதில் வருகிறது. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள், 2002 ஜூலைக்கு முன்னால் தாக்கலான பிராதுக்கும் எதிருரைக்கும் இந்தப் புது நிபந்தனையே பொருந்தாது என்று அந்தத் திருத்தச் சட்டமே சொல்கிறது. 1986 வழக்கையும் 2022 வழக்கையும் ஒரே தராசில் போடுவது சரியா? இதை யாரும் நின்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

எனக்குப் புரியாத இன்னொன்று. வணிக நீதிமன்றச் சட்டம் எதிருரைக்கு 120 நாள் என்று முன்வாசலில் இவ்வளவு பெரிய பூட்டுப் போடுகிறது. மறுக்கிறாயா, ஏன் மறுக்கிறாய் என்று காரணம் சொல், நடந்தது வேறு என்றால் உன் தரப்புக் கதையை இப்போதே சொல் என்று எதிருரைக்குத் தனி விதியே வைத்திருக்கிறது. எழுதியது உண்மை என்று உறுதிமொழி வேறு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இவ்வளவும் செய்த சட்டம் திருத்த விதியை மட்டும் தொடாமல் பழையபடி விட்டுவிட்டது. 121-ஆவது நாள் எதிருரை கொண்டுவருகிறவனை வெளியே நிறுத்துகிறார்கள். 117-ஆவது நாள் நாலு பக்கத்துக்கு ஒப்புக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து நிஜமான எதிருரையைத் திருத்தம் என்ற பேரில் கொண்டுவருகிறவனுக்குக் கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது. தனியாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தால் 3 வருஷக் காலாவதி குறுக்கே நிற்கும். எதிர்க்கோரிக்கை என்று போட்டிருந்தால் எழுவினா வனைந்த பிறகு கூடாது என்று 2019 தீர்ப்பு இருக்கிறது. திருத்தம் என்று போட்டால் மட்டும் 5,000 ரூபாயில் வேலை முடிகிறது.

அந்த 5,000 ரூபாய்க் கணக்கையும் பார்த்துவிடலாம். பாக்கித் தொகைக்கு வருஷம் 12 சதவீதம் என்று வைத்தால்கூட மாதத்துக்கு 11,420 ரூபாய் வட்டி. அந்த மனு போட்டு இன்றோடு 14 மாதம், அதாவது 1,59,880 ரூபாய். பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு 5,000 கட்டி 14 மாதம் வாங்குவது எவ்வளவு லாபமான வியாபாரம் என்று எந்த மளிகைக்கடைக்காரரும் சொல்லிவிடுவார். தீர்ப்பில் வட்டியோடு வருமே என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். வரலாம். ஆனால் கிராஃப்ட் பேப்பர் மில்காரர் தீர்ப்பு வரட்டும் என்று ரீல் அனுப்ப மாட்டார், அவருக்கு இந்த மாதப் பணம் இந்த மாதம் வேண்டும்.

வட்டியாவது கணக்குப் போடலாம். போட முடியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. அட்டைப்பெட்டி என்பது இரும்பு இல்லை. அதன் பலம் பேப்பரின் ஜி.எஸ்.எம்.மில் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனத்தில்) இருக்கிறது, பசையில் இருக்கிறது, அது கிடக்கிற கோடவுனின் ஈரத்தில் இருக்கிறது. மெஷினில் வைத்து அமுக்கினால் எந்த அழுத்தத்தில் கிழிகிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஆனால் அதை 2021-ல் செய்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் ஸ்டோரில் இருந்த பையன் ஒவ்வொரு லோடிலும் இரண்டு பெட்டியைப் பிரித்து, கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சலானில் 'க்யூ.சி. ஓகே' என்ற ஊதா முத்திரையைக் குத்துவான், மை கூடக் காயாமல் என் டிரைவரிடம் கொடுப்பான். அந்தப் பையன் இப்போது அங்கே வேலையில் இல்லை. எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. எதிருரையிலேயே 'தரமில்லை' என்று எழுதியிருந்தால் அவனை அப்போதே சாட்சிக்கு அழைத்திருப்பேன், மில்லின் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்திருப்பேன். கணக்குத் தகராறுதானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

சாம்பிள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். யூனிட் முழுக்கத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், பரணில் அந்த லாட் பெட்டி ஒன்று இருக்கிறது, என் மனைவி அதில் கொலு பொம்மைகளைப் போட்டு வைத்திருக்கிறாள். நாலு நவராத்திரியாக ஏறி இறங்கும் பெட்டி. தசாவதாரம் செட்டு, செட்டியார் கடை, தலையாட்டிப் பொம்மை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோவாவது இருக்கும், ஒரு மூலைகூடப் பிரியவில்லை. ஆனந்தமாக வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது அந்த லாட்தான் என்று யார் சாட்சி சொல்வது, உங்கள் வீட்டுக்காரம்மாவா என்றார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நானும் ஒரு திருத்த மனு போட்டவன்தான். என் பிராதில் ஒரு பில்லின் தேதி 12-02-2021 என்பதற்குப் பதிலாக 12-02-2012 என்று விழுந்துவிட்டது. எழுவினா வனைவதற்கு முன்னாலேயே கவனித்து மனுப் போட்டோம். பில்லே கூடத் தாக்கலாகியிருக்கிறது, எடுத்துப் பார்த்தால் எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லும், ஆனாலும் எதிர்த்தரப்பு எதிர் மனுப் போட்டு அதை நாலு வாய்தா இழுத்தார்கள். அன்று அது மறுக்கப்பட்டிருந்தால் நான் எவ்வளவு கொதித்திருப்பேன்! அதனால் திருத்தமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினதில் கை தவறியதைச் சரி செய்வது வேறு, அப்போது தெரியாத ஒன்று பின்னால் தெரிய வந்து அதைச் சேர்ப்பது வேறு. இரண்டும் வேண்டியதுதான். குறுக்கு விசாரணையில் வாதி எங்கே பலமாக நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டு, அதைச் சுற்றிப் போகப் புதுப் பாதை வெட்டுவது இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். பெட்டி கிழிந்தது 2021-ல் என்றால் அது அவர்களுக்கு 2021-லேயே தெரியுமே, 2025-ல் எப்படி ஞாபகம் வரும்?

என் வக்கீலின் ஜூனியர் பெண் ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், ஆஸ்திரேலியா வழக்கு ஒன்றைச் சொன்னாள். 2003 ஜனவரியில் கான்பெராவைச் சூழ்ந்த காட்டுத்தீயில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வானியல் ஆய்வகம் எரிந்து போனது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதும், இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்து கொடுத்த ஏயோன் என்ற புரோக்கர் நிறுவனத்தின் மீதும் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. 2006 நவம்பரில் நாலு வார விசாரணை தொடங்கி, மூன்றாம் நாளே பல்கலைக்கழகம் எழுந்து, புரோக்கர் மேல் வேறு மாதிரிக் குற்றச்சாட்டு வைக்க வேண்டும், தள்ளி வையுங்கள் என்றது. கீழ்க் கோர்ட் விட்டுவிட்டது. ஆனால் 2009 ஆகஸ்டில் அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் அதை மாற்றி, செலவுத்தொகை கட்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பது உரிமையாகாது, எதிராளிக்கு ஏற்படும் அலைச்சலையும் மன உளைச்சலையும் வரிசையில் நிற்கும் மற்ற வழக்காளிகளையும் பார்க்க வேண்டும், ஏன் இவ்வளவு தாமதம் என்று விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் சட்டத்தில் இதெல்லாம் இல்லையா என்றால் இருக்கிறது. அவர்கள் தீர்ப்பில் சொன்னதில் பாதியை நாம் 2002-லேயே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

அதனால் புதுச் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. திருத்த மனு வந்தால், இந்த விஷயம் எந்தத் தேதியில், யார் மூலமாக, எந்தக் காகிதத்தைப் பார்த்து உங்களுக்குத் தெரிய வந்தது என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதச் சொல்லட்டும். அது இல்லாத மனுவை நம்பர் கொடுக்காமலே திருப்பி அனுப்பட்டும். விதியிலேயே 'நியாயமான நிபந்தனைகளோடு' என்றுதான் இருக்கிறது, 5,000 ரூபாய் என்று இல்லை. வழக்குத் தொகையில் பாதியை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுத் திருத்திக்கொள் என்று ஒரே ஒரு உத்தரவு போட்டுப் பார்க்கட்டும், கவனக்குறைவு எத்தனை பேருக்குக் குணமாகிறது என்று தெரிந்துவிடும். வணிக வழக்குகளில் வழக்கு மேலாண்மை விசாரணை என்று தனியாக ஒரு நாள் உண்டு. எங்கள் வழக்கில் அது பத்து நிமிஷத்தில் தேதி போடுவதோடு முடிந்தது. அன்றைக்கு இரண்டு தரப்பையும் பார்த்து, இன்னும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் அதைப் பதிவு செய்திருந்தாலே போதும்.

மேல்முறையீடு போனாயா என்று கேட்பீர்கள். வணிக நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை எதிர்த்து சீராய்வு மனு போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. வேகம் வேண்டும் என்று வைத்த பிரிவு, அதில் எனக்கு மறுப்பில்லை. அரசியல் சட்டத்தின் 227-ஆவது பிரிவில் ஐகோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் அது ஒன்றரை வருஷம் ஆகலாம், அதுவரை இங்கே ஸ்டே கேட்பீர்களா என்றார் வக்கீல். வழக்கை வேகப்படுத்த நானே என் வழக்குக்கு ஸ்டே வாங்குவதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கூடுதல் பதிலுரை போட்டாயிற்று. கூடுதல் எழுவினா ஒன்று சேர்ந்திருக்கிறது. என்னை மறுபடியும் கூண்டுக்கு அழைத்திருக்கிறார்கள், வரும் மாதம் 18-ஆம் தேதி. பெட்டியின் பலத்தைப் பற்றி என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறவர் போன தடவை டெபிட் நோட் பற்றிக் கேட்ட அதே வக்கீல்தான்.

இப்படிக்கு,
ஒரு அட்டைப்பெட்டித் தயாரிப்பாளர்,
கோவை மாவட்டம்.

பி.கு.: பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். வழக்கு நடப்பில் இருப்பதால் அச்சில் போட வேண்டாம்.